ரைஸ் பாலும் என் மூஞ்சியும்

போன மாதம் முட்டி டாக்டரிடம் போனேன். நம் செட்டில் யார்தான் போகவில்லை? படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல முட்டிக்கு வேலை குடுக்கிற மாதிரி ஏதாவது செஞ்சீங்களா?" என்றார்.

"குத்தவச்சு உக்காந்திருந்தேன் டாக்டர்."

"எவ்வளவு நாள்?"

"ஒரு பருவம் முழுக்க."

"எதுக்கு?"

"எங்க அக்கா என் மூஞ்சியைப் பாத்துப் பந்து எறியறதுக்கு."

டாக்டர் பேனாவை மூடினார். அடுத்த அறையில் இருக்கும் நரம்பு டாக்டரையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

நண்பர்களே, உங்களிடமும் இதை நான் முழுதாகச் சொன்னதில்லை. நீங்கள் எல்லாரும் தென்னை மட்டையைச் செதுக்கி கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் ஏன் காணாமல்போனேன் என்று நீங்களும் கேட்டதில்லை. நான் ஆடினால் உங்களுக்கு ஒரு விக்கெட் நிச்சயம் என்பதைத் தவிர என்னால் வேறு உபயோகம் இருந்ததில்லை என்பதால் அது நியாயமே. இப்போது சொல்லிவிடுகிறேன். நான் அப்போது நெரவியில், பெரியப்பா வீட்டுக்குப் பின்னால், ஒரு வைக்கோல்போருக்கும் ஒரு சாஃப்ட்பாலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தேன்.

சாஃப்ட்பால் என்று பெயர் வைத்தவன் அதைக் கையில் வாங்கியிருக்க மாட்டான். பெரிய மாதுளம்பழம் அளவு இருக்கும். உரித்த தேங்காய்போலக் கெட்டி. எறிபவர் கையை ராட்டினம்போல ஒரு முழு வட்டம் சுற்றி, இடுப்போரம் கொண்டுவந்து, கீழேயிருந்து விடுவார். எதிரே மட்டையோடு ஒருவர். அவருக்குப் பின்னால், முகத்தில் கம்பிக்கூண்டு மாட்டி, கையில் பெரிய கிளவுசோடு குத்தவைத்திருப்பவன் கேட்ச்சர். மட்டைக்காரர் விலகிக்கொள்ளலாம். அவன் விலகக் கூடாது. அந்த ஆட்டத்தின் சட்டதிட்டத்தில் எனக்கு நன்றாக மனப்பாடம் ஆனது இது ஒன்றுதான்.

எறிபவள் என் பெரியப்பா மகள். பன்னிரண்டாம் வகுப்பு. பக்கத்து டவுனான காரைக்காலில் அவள் படித்த பள்ளிக்கூடத்தின் டீமில் அவள்தான் பிட்சர். நான் எட்டாவது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவரிலும் ஒரு கதவு. ஆகவே ஒளிந்துகொள்ள வழியே கிடையாது.

பெரியப்பா கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்தார். எதையும் இரண்டு வரியில் முடிப்பவர். அக்காவுக்கும் இரண்டு வரியில்தான் சொன்னார்: "பாண்டிச்சேரி டீம்ல எடுத்தாங்கன்னா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சேந்துக்க. எடுக்கலன்னா உன் மார்க்குக்கு எவனும் சீட்டு தரமாட்டான், வீட்டுல இரு, மாப்பிள்ளை பாத்துடுவோம்."

கணக்கு அவளுக்குச் சுத்தமாக வராது. ஆகவே அவளுடைய காலேஜ் முழுக்க அவள் வலது மணிக்கட்டில் இருந்தது. கொஞ்சம் என் முகத்திலும்.

டீமில் ஏற்கெனவே ஒரு கேட்ச்சர் பெண் இருந்தாள். அக்காவின் பந்தில் அவளுடைய கட்டைவிரல் வீங்கி வாழைப்பழம் மாதிரி ஆனதும், அவளுடைய அம்மா நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து, "வேற ஆளைப் பாத்துக்கங்க சார். எம்பொண்ணு விரலு மோதிரம் போடுறதுக்கு இருக்கு" என்று கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். பி.டி. மாஸ்டர் மறுநாள் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். நான் ஓரமாக உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

"இந்தப் பையன் யாரு?"

"எந்தம்பி மவன்" என்றார் பெரியப்பா.

"ஒரு எடத்துல உக்காந்தா எந்திரிக்காம இருப்பானா?"

"அவனை எழுப்பி யாரும் பாத்ததில்ல சார்."

"அப்ப இவன்தான்."

நான் முறுக்கை முழுங்கி மறுப்பு சொல்வதற்குள் என் கையில் கிளவுசை மாட்டிவிட்டார்கள்.

சம்பா அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்த சமயம். அறுத்து மிஞ்சிய தாள்கட்டை செருப்பில்லாத காலில் குத்தும். மாஸ்டர் இடத்தைச் சுற்றிப் பார்த்தார். நான் விடுகிற பந்து எங்கேயோ ஓடிவிட்டால் தேடுவதில் நேரம் போகும் என்று, என்னை வைக்கோல்போருக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார். விட்ட பந்து வைக்கோலில் போய்ப் புதைந்துகொள்ளும். எனக்குப் புதைந்துகொள்ள இடமில்லை. இடப்பக்கம் சீமைக்கருவை வேலி. வலப்பக்கம் ஆகாயத்தாமரை மூடிய வாய்க்கால், நல்ல சேறு. எதிரே அக்கா. ஜெயிலில் இருப்பவனுக்குக்கூட ஜன்னல் வெளியே பார்ப்பதற்கு. என் ஜன்னலைப் பார்த்துத்தான் பந்தே வந்தது.

அந்தக் கம்பிக்கூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாஸ்க் என்பார்கள். எனக்கு முன்னால் எத்தனை பேர் போட்டுப் பயந்திருப்பார்களோ, அத்தனை பேருடைய வியர்வையும் அதன் தோல் மெத்தையில் ஊறியிருந்தது. கருவாட்டுக்கும் பழைய செருப்புக்கும் நடுவில் ஒரு வாசனை. பின்பக்கப் பட்டையின் பக்கிள் துருப்பிடித்தது. சனிக்கிழமைகளில் காரைக்கால் பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி நடக்கும். அப்படி ஒரு சனிக்கிழமை பக்கிள் மாட்டிக்கொண்டது. மாஸ்டர் இழுத்தார், அக்கா இழுத்தாள், வாட்ச்மேன் காலை என் முதுகில் ஊன்றி இழுத்தார். தலைதான் வரும்போல இருந்தது, மாஸ்க் வரவில்லை. கடைசி டவுன் பஸ் போய்விடும் என்று அப்படியே ஏற்றிவிட்டார்கள்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"கடிக்குமாம்மா?"

"சீண்டாம இருந்தா ஒண்ணும் பண்ணாதுங்க" என்றாள் அக்கா.

"டிக்கெட் எடுக்கணுமா, இல்ல லக்கேஜா?"

பஸ்ஸே சிரித்தது. ஒரு பாட்டி மட்டும் இரக்கப்பட்டுக் கம்பி வழியாக ஒரு வாழைப்பழத்தைத் துண்டு துண்டாக ஊட்டினார். மானம் போன பிறகு பசியை ஏன் விட வேண்டும் என்று நானும் தின்றேன். வீட்டில் பெரியம்மா தேங்காய் எண்ணெயைப் பக்கிளில் ஊற்றி, என் தலையிலும் ஊற்றி, ஒருவழியாக விடுவித்தார். முகத்தில் கம்பி வரிவரியாகப் பதிந்திருந்தது. அம்மா அதைப் பார்த்து அழுவாள், நான் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அம்மா, "அப்பாடா, இந்தக் கவசம் நல்லா கெட்டியா இருக்கு" என்றாள்.

இனி ரைஸ் பால் கதை.

நேராக வரும் பந்தை யாரும் அடிப்பார்கள். கிட்டே வரும்போது சட்டென்று விழும் பந்து உண்டு, பக்கவாட்டில் வளையும் பந்து உண்டு. எல்லாவற்றையும்விட அபூர்வமானது எழும்பும் பந்து. இடுப்புயரத்துக்கு வருகிறது என்று மட்டைக்காரர் நினைத்து வீசும்போது, அது நெஞ்சுக்கு மேலே போயிருக்கும். அதற்குத்தான் ரைஸ் பால் என்று பெயர். அக்காவுக்கு அது வந்துவிட்டால் போதும் என்பது மாஸ்டரின் கணக்கு. ஒருநாள் பெரியம்மாவிடம் அதைச் சொன்னார்.

"ரைஸ் பால் மட்டும் போதும்மா. பாண்டிச்சேரியில ஒருத்திகிட்டயும் அது கெடையாது. செலக்ஷன் வரைக்கும் தெனம் ரைஸ் பால்தான். வேற எதுவும் வேணாம், பாத்துக்கங்க."

"அதுக்கென்னங்க சார்" என்றார் பெரியம்மா. "நம்ம வீட்டுல நெல்லுக்குப் பஞ்சமா, மாட்டுக்குப் பஞ்சமா?"

மாஸ்டருக்கு இந்தப் பதில் சற்று இடித்திருக்க வேண்டும். ஆனால் நெரவியில் எல்லாப் பேச்சும் நெல்லில்தான் போய் முடியும் என்பதால் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் இட்லி இல்லை. பால் சோறு. மதியம் பால் சோறு. ராத்திரி, கொஞ்சம் சர்க்கரை போட்ட பால் சோறு. பிடிக்கிறவனுக்கும் வேண்டும் என்று சுவர்க்கதவு வழியாக எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. பக்கத்துத் தெருவில் யாரோ வஞ்சிர மீன் வறுக்கிற வாசனையில் அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வெள்ளைச் சோற்றை விழுங்கினோம். அக்கா ஒருமுறை, "அம்மா, ஒரு கருவாட்டுத் துண்டாவது..." என்று ஆரம்பித்தாள். பெரியம்மா, "சார் வேற எதுவும் வேணாம்னு சொல்லிட்டாரு. காலேஜ் போவணுமா, கருவாடு வேணுமா?" என்று கேட்டார். அக்கா இன்னொரு கவளம் விழுங்கினாள்.

அடுத்த முறை மாஸ்டர் வந்தபோது வாசலிலேயே கேட்டார்: "ரைஸ் பால் எப்படிம்மா போவுது?"

"நல்லா போவுது சார். ரெண்டு பேரும் மூணு வேளையும் திங்கிறாங்க."

மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு விளக்கினார். அரிசி ரைஸ் இல்லை, எழும்புகிற ரைஸ். குடிக்கிற பால் இல்லை, எறிகிற பால். பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எழும்புறதுக்கும் வவுத்துல சோறு வேணும்ல சார்?"

அன்று ராத்திரி வஞ்சிரம் வறுத்தார்கள். அந்த வறுவலைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஆனால் பந்து எழும்பவில்லை. பருவத்தின் முதல் பாதி முழுக்க அக்கா அதனிடம் தோற்றுக்கொண்டே இருந்தாள். அவள் தோற்ற நாளெல்லாம் எனக்கு நல்ல நாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காரணம் சுழற்சி. பந்து கையை விட்டுப் போகும்போது விரல்கள் அதை எந்தப் பக்கம் உருட்டிவிடுகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அக்கா விரல்களைப் பந்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோனாள். பந்து துப்பாக்கிக் குண்டு மாதிரி, போகிற திசையையே அச்சாக வைத்துச் சுழன்றுகொண்டு, சமர்த்தாக நேரே வந்து என் கிளவுசில் உட்கார்ந்தது. வேகம் இருக்கும், சத்தம் இருக்கும், எழும்பல் மட்டும் இருக்காது. "அடிப்பக்கமா வெட்டு! அடியில வெட்டு!" என்று மாஸ்டர் கத்துவார். நான் மாஸ்க்குக்குள், 'வெட்டாதே தாயே' என்று வேண்டிக்கொள்வேன்.

ஒருநாள் அவள் நீல ஸ்கெட்ச் பேனாவால் பந்தைச் சுற்றி ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தாள்.

"டேய், கண்ணை மூடாம பாத்துச் சொல்லு. கோடு எப்படி வருது?"

"நான் எங்க கண்ணை மூடுறேன்?"

"நீ மூடுறது அங்கேருந்து இங்க தெரியுதுடா."

திறந்துவைத்துப் பார்த்தேன். அந்தப் பருவத்தில் நான் செய்த ஒரே வீரச்செயல் அது. குண்டுச் சுழலில் வரும்போது அந்தக் கோடு வண்டிச்சக்கரம்போல என் பக்கமாகத் திரும்பிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றியது. விரலைக் கொஞ்சம் அடியில் கொண்டுபோனபோது கோடு சாய்ந்து தள்ளாடியது. அவள் மணிக்கட்டைப் பூட்டில் சாவி திருப்புவதுபோலத் திருப்பி, விரல்களைப் பந்தின் அடிவயிற்றில் வெட்டி இழுக்கப் பழகிய பிறகு ஒரு சாயங்காலம், கோடு செங்குத்தாக ஆடாமல் நின்றது. சிவப்புத் தையல் கீழேயிருந்து மேலே, கீழேயிருந்து மேலே என்று என் பக்கமாக உருண்டு ஏறியது. அடடா, அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அடுத்த கணம் வயிற்றருகே வைத்திருந்த கிளவுசுக்கு மேலே அது ஏறி, மாஸ்க்கில் 'ணங்' என்று மோதி, என்னை வைக்கோல்போருக்குள் உட்கார்த்தியது.

"எழும்புச்சா? எழும்புச்சாடா?" என்று அக்கா ஓடிவந்தாள். தம்பி உயிரோடு இருக்கிறானா என்பது இரண்டாவது கேள்வியாகக்கூட இல்லை.

அதிலிருந்து ஒரு விதியைக் கண்டுபிடித்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பயம்தான் சொல்லித் தந்தது. பந்துக்கும் ஒரு மூஞ்சி உண்டு. நம்மைப் பார்த்து வருகிற பக்கம் அதன் மூஞ்சி. அந்த மூஞ்சியில் தையல் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் பந்தும் போகும். மேலே ஓடினால் பந்து மேலே. கீழே ஓடினால் பந்து குப்புற விழும். இடப்பக்கம் ஓடினால் இடப்பக்கம் வளையும். எங்கேயும் ஓடாமல் சக்கரம்போலத் தன்னிடத்திலேயே சுற்றினால் பந்தும் எங்கேயும் வளையாது. பின்னாளில் பொறியியல் படித்த என் மகள் காகிதத்தில் படம் போட்டு விளக்கினாள்: சுழலும் பந்தின் தையல் காற்றைப் பிடித்து இழுத்து ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, காற்று கீழே போனால் பந்து மேலே தள்ளப்படுகிறது, சுழற்சி அதிகமானால் தள்ளலும் அதிகம். இன்னொன்றும் சொன்னாள். பந்து பாதி வழியில் புதிதாக மேலே தாவுவதில்லையாம். விழ வேண்டிய அளவுக்கு அது விழாமல் வருகிறது. விழும் என்று காத்திருக்கும் நம் கண்ணுக்குத்தான் அது தாவுவதாகப் படுகிறது. "அப்ப என் பல்லு ஆடுனதும் கண்ணுக்குப் பட்டதாம்மா?" என்று கேட்டேன். அதற்குப் படம் போடவில்லை.

பெரியவர்களிடம் அப்போது மூன்று விளக்கங்கள் இருந்தன. கடல் காற்று தூக்குகிறது என்றார் பெரியப்பா. இவ்வளவு தூரம் வயலைத் தாண்டி வரும் காற்று, துவைத்துக் காயப்போட்ட வேட்டியை விட்டுவிட்டு இந்தப் பந்தை மட்டும் ஏன் தூக்க வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. நடவு வயலில் நாற்றுமுடியைக் கீழ்க்கையால் வீசிப் பழகிய கை என்றார் மாஸ்டர். அக்கா அட்டைக்குப் பயந்து ஒருநாளும் சேற்றில் கால் வைத்ததில்லை. பெரியம்மாவின் விளக்கம் உங்களுக்கே தெரியும். சாயங்காலம் சாயங்காலமாக ஒரு பெண் தன் விரல்நுனி தோல் உரியப் பந்தின் அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து நிமிர்த்தினாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். எனக்கு என் முகம் மட்டுமே பிரச்சினையாக இருந்தது.

செலக்ஷன் காரைக்கால் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. பாண்டிச்சேரியிலிருந்து செலக்டர் வந்திருந்தார். வெள்ளை ஷூ, கழுத்தில் விசில். பெரியப்பா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற சட்டையில் வந்திருந்தார். மற்றப் பிட்சர் பெண்களுக்கு பள்ளிக்கூட டீமில் பிறகு சேர்ந்த புதுக் கேட்ச்சர் பெண்ணே பிடித்தாள். அக்கா பெயரைக் கூப்பிட்டதும் அந்தப் பெண் மாஸ்க்கைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"ஒங்க அக்கா, ஒம்பாடு."

போய்க் குத்தவைத்தேன். பின்னால் கம்பிவேலி. பக்கத்தில் செலக்டர். ஓடினால் பெரியப்பா மேல் மோதுவேன். எல்லாப் பக்கமும் சரியாக அடைத்திருந்தார்கள்.

முதல் ரைஸ் பால் வந்தது. மூஞ்சியைப் பார்த்தேன். தையல் கீழேயிருந்து மேலே. பழகிய உயரத்துக்குக் கிளவுசைத் தூக்கினேன். பந்து கிளவுசைத் தாண்டி, மாஸ்க்கைத் தாண்டி, தலைக்கு மேலே போய் வேலியில் மோதியது. அடுத்ததும் அப்படியே.

"என்ன மாஸ்டர், கண்ட்ரோலே இல்லையே?" என்றார் செலக்டர்.

"காத்து சார். இன்னிக்குக் கடல் காத்து ஜாஸ்தி."

கொடிக்கம்பத்துக் கயிறுகூட அசையவில்லை.

அக்கா வேகமாக என்னிடம் நடந்துவந்தாள். "ஏன்டா விட்ட?"

"நீ ஏன்க்கா இவ்வளவு தூக்குற?"

"எப்பவும் போலத்தான்டா போட்டேன்!"

வேலியோரம் கிடந்த பந்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கையில் உருட்டினாள். கட்டைவிரலால் தையலைத் தடவினாள். அப்படியே நின்றாள். செலக்டர் அட்டைப்பெட்டியிலிருந்து அப்போதுதான் பிரித்துக் கொடுத்த புதுப் பந்து அது. எங்கள் பந்து வாய்க்கால் தண்ணீர் குடித்து, வைக்கோலில் தேய்ந்து, தையலெல்லாம் படிந்து, கிழவன் பல்போல ஆகியிருந்தது. இதிலோ தையல் விரலுக்குத் தட்டுப்படும்படி நிமிர்ந்து நின்றது.

"தையல் புதுசுடா" என்றாள் மெதுவாக. "காத்தைப் புடிச்சுத் தள்ளுது. நான் பழசுக்குப் போட்டது இதுக்கு ஜாஸ்தி."

"அப்ப கொறைச்சுப் போடுக்கா. நல்லாருப்ப."

"போடமாட்டேன். நீ ஏத்திப் புடி."

"எவ்வளவு ஏத்தி?"

"எனக்கெப்படித் தெரியும்? நீதான பாக்குற!"

திரும்பிப் போய்விட்டாள். மாஸ்க்குக்குள் என் மூச்சே எனக்குப் புயல் மாதிரி கேட்டது. அக்காவின் கை ராட்டினம் சுற்றியது. பந்தின் மூஞ்சியில் தையல் நான் அதுவரை பார்க்காத வேகத்தில் மேலே ஓடியது. உடனே ஒரு முடிவெடுத்தேன். ஓடிவிடுவது. பெரியப்பா மேல் மோதினாலும் பரவாயில்லை. எழுந்தேன். பாதி எழுந்தபோது பல் ஞாபகம் வந்து கிளவுசை முகத்துக்கு மேலே தூக்கினேன். பந்து நேராக அதற்குள் வந்து 'தம்' என்று அடங்கியது.

"சபாஷ்!" என்றார் செலக்டர். "பையன் என்னமா ரீட் பண்றான்!"

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஓடுவதற்கு எழுந்தால் சரியான உயரம் வருகிறது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பந்துக்கும் நான் மனப்பூர்வமாக ஓட முயன்றேன். ஒவ்வொன்றும் கிளவுசில் விழுந்தது. பெரியப்பா கைதட்டினார். மாஸ்டர் விசிலை ஊதவே ஊதிவிட்டார். நான் மாஸ்க்குக்குள் சிரித்தேன். அக்கா காலேஜுக்குப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

செலக்டர் பந்தை வாங்கிக்கொண்டார். கையில் ஒருமுறை உருட்டிப் பார்த்தார்.

"பந்து நல்லாத்தான்யா இருக்கு. இதை யாரு புடிக்கிறது?"

"அதான் இவன்..." என்றார் மாஸ்டர்.

"பொண்ணுங்க டீம்ல பையனை உக்கார வைப்பீங்களா? எங்க கேட்ச்சர் பொண்ணு இந்த மாதிரி பந்தைப் பாத்ததே கெடையாது. பழக மாசக்கணக்காவும். போட்டி அடுத்த வாரம். அவ புடிக்காம விட விட, எதிராளிங்க ஒவ்வொரு பேஸா ஓடி ரன்னு எடுத்துக்கிட்டே இருப்பாளுங்க. அடிச்சு ஜெயிக்க வேணாம், நாமளே குடுத்துடுவோம்." அக்கா பக்கம் திரும்பினார். "நேர்ப் பந்து போட வருமாம்மா?"

"வரும் சார்."

"அதைப் போடு. இதை மறந்துடு. அப்படின்னா ஒனக்கு எடம் இருக்கு."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பருவம் முழுக்க 'அடியில வெட்டு' என்று தொண்டை கட்டக் கத்திய மாஸ்டர் இப்போது விசில் கயிற்றின் முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"டீமுக்கு வந்தப்புறம் அந்தப் பொண்ணுக்கு நான் பழக்கிக் குடுக்கவா சார்?" என்றாள் அக்கா. "இவனே கத்துக்கிட்டான்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"அதான் எடம் தரேங்கிறாருல்ல?" என்றார் பெரியப்பா. "சுலபமானதைப் போடச் சொன்னா கசக்குதா? போடும்மா."

அவர் கெட்டவர் இல்லை. மகளுக்குக் கதவு திறந்துவிட்டது என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டார். கடினமானதைக் கற்றவளுக்குச் சுலபமானது ஒரு தண்டனையாக இருக்கும் என்று அந்த மைதானத்தில் இருந்த எந்தப் பெரியவருக்கும் தெரியவில்லை. நானும் இத்தனை வயதுக்குப் பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அக்கா பந்தை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். விரல்களைப் பந்தின் பக்கவாட்டுக்கு மாற்றுவதை நான் இங்கிருந்தே பார்த்தேன். கை சுற்றியது. பந்து நேரே வந்து கிளவுசில் உட்கார்ந்தது. இன்னொன்று. இன்னொன்று. பருவம் முழுக்க நான் வேண்டிக்கொண்ட பந்துகள். ஒன்றுகூட வலிக்கவில்லை. ஓட வேண்டும் என்று தோன்றவே இல்லை. பந்தின் மூஞ்சியில் தையல் எந்தப் பக்கமும் ஓடாமல் தன்னிடத்திலேயே சுற்றிக்கொண்டு, சுற்றிக்கொண்டு வந்தது.

எடுத்துவிட்டார்கள். காலேஜ் சேர்ந்தாள், டீமிலும் இருந்தாள், பிறகு வேலைக்கும் போனாள். அந்த 'அப்புறம்' மட்டும் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒரு கேட்ச்சர், ஒவ்வொரு வருடமும் போட்டி அடுத்த வாரம். ஒரு மேட்சிலும் அவள் ரைஸ் பால் போடவில்லை.

செலக்ஷன் நடந்த அன்று சாயங்காலம் பஸ்ஸில் பெரியப்பா முன் சீட்டில் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். அக்காவும் நானும் பின்னால். அவள் ஜன்னலோரம்.

"டேய்."

"என்னக்கா?"

"அந்தப் புதுப் பந்து எவ்வளவுடா எழும்புச்சு?"

எறிகிறவளுக்கு அது தெரியாது. அவள் இடத்திலிருந்து பார்த்தால் பந்து தூரமாகப் போவது மட்டும்தான் தெரியும். அதன் மூஞ்சி தெரிகிற இடத்தில் குத்தவைத்திருந்தவன் நான் ஒருவன்.

பந்து வரும் என்று நான் நினைத்த உயரத்தில் ஒரு கையை வைத்தேன். அது வந்த உயரத்தில் இன்னொரு கையை வைத்தேன். பஸ் பள்ளத்தில் இறங்கியதும் கை கலைந்தது.

"சரியாக் காட்டுடா."

மறுபடி வைத்தேன். என் இரண்டு கைக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவ்வளவா?"

"அவ்வளவு."

"எனக்காகச் சொல்லாத."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்? என் மூஞ்சிக்குத்தான வந்துச்சு."

எதிர் சீட்டில், கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் எடுத்துக்கொண்டு விற்கப் போகும் அம்மா, கூடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்திருந்தார். "என்ன மீனு தம்பி, அம்மாம்பெருசு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "புடிக்க ஆளில்லாத மீனும்மா."

எனக்குத் தோள் கடுக்க ஆரம்பித்தது. கையை இறக்கப் போனேன்.

"இருடா" என்றாள் அக்கா. "நெரவி வர்ற வரைக்கும் அப்படியே வச்சிரு."